அக்னி மூலையில் ஒரு டிஷ்

வானூர் பக்கத்தில் டி.வி. வாங்குவது சுலபம், அதற்குப் பக்கத்தில் வைக்கிற சின்னப் பெட்டி வாங்குவதுதான் சிரமம். டி.வி.க்கு இத்தனை அங்குலம் என்று சொன்னால் கடைக்காரர் எடுத்துவைத்துவிடுவார். செட்டாப் பாக்ஸுக்கு அப்படி இல்லை. வீட்டில் யார் எந்த சேனல் பார்க்கிறார்கள் என்பதில் ஆரம்பித்து, டி.வி.யின் முதுகில் என்னென்ன ஓட்டை இருக்கிறது என்பதுவரை தெரிந்தாக வேண்டும். மாதாமாதம் பணம் கட்ட முடியாது, ஒரே செலவோடு முடியட்டும் என்று நினைப்பவர்களை மனதில் வைத்து எழுதிய குறிப்புகள் இவை.

*

தரைவழி ஒளிபரப்பை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அது ஏற்கெனவே முடிந்துபோன விஷயம். 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த அலுமினியக் கம்பி ஆன்டெனாக்கள் இன்னும் சில மாடிகளில் நிற்கின்றன. காக்கை உட்கார, கொடிக்கயிறு கட்ட. தூர்தர்ஷனின் பழைய அனலாக் கோபுரங்கள், எல்லைப் பகுதி போன்ற சில இடங்கள் தவிர, 2022 மார்ச் வாக்கில் மூடப்பட்டுவிட்டன. அதற்குப் பதிலாக டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பை 2016-இல் பதினாறு நகரங்களில் தொடங்கினார்கள். தமிழ்நாட்டுக்குச் சென்னை மட்டும். சென்னைக் கோபுரத்தின் அலை திண்டிவனம் தாண்டி நம்மிடம் வந்து சேராது. ஆகவே 'டி.வி.பி.-டி2' என்று போட்ட பாக்ஸை யாராவது மலிவாகத் தந்தால் வாங்க வேண்டாம்.

இப்படிப்பட்ட பாக்ஸ் ஊருக்குள் எப்படி வருகிறது? பெரும்பாலும் சிங்கப்பூர்ப் பெட்டியோடு வருகிறது. 2019 தொடக்கத்தில் அனலாக்கை நிறுத்திவிட்டு முழுக்க டிஜிட்டல் தரைவழிக்குப் போன நாடு அது. ஜன்னலோரம் உள்ளங்கை அகல ஆன்டெனாவை ஒட்டினால் தமிழ்ச் சேனலான 'வசந்தம்' தெளிவாக வரும். வேலை முடிந்து ஊர் திரும்பியவர் பெட்டியையும் கையோடு எடுத்துவந்து, கிளியனூரில் டிஷ் மாட்டுகிற பையனிடம், "தம்பி, இதுல பொதிகை வருமா?" என்று கேட்கிறார். பையன் பெட்டியைத் திருப்பி ஓட்டையைப் பார்க்கிறான். "மரை இல்ல பாருங்கண்ணே. இது குத்துற மாதிரி இருக்கு. டிஷ்ஷுக்கு உள்ளது திருகுற மாதிரி இருக்கும்."

பையன் சொன்னதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். மொழுமொழுவென்று குத்துகிற சாக்கெட் என்றால் ஆன்டெனா. மரை போட்டு, பக்கத்தில் 'எல்.என்.பி. இன்' என்று எழுதியிருந்தால் செயற்கைக்கோள்.

(பொதிகை என்றுதான் எல்லோரும் இன்னும் கேட்கிறார்கள். 2024 ஜனவரி முதல் அது டி.டி. தமிழ்.)

*

அடுத்துக் கேட்கப்படும் கேள்வி: "அரசு கேபிள்ல குடுத்த பாக்ஸ் சும்மா கிடக்குது, அதை டிஷ்ஷுல மாட்டலாமா?" மாட்ட முடியாது. 2017-இல் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கிய அந்தப் பெட்டிகள் கேபிள் வழி வரும் அலைக்காக மட்டும் செய்யப்பட்டவை. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இருக்கிற ட்யூனர் வேறு. தனியார் டி.டி.எச். பெட்டிகளும் அந்தந்தக் கம்பெனிக்குக் கட்டுப்பட்டவை. ரீசார்ஜ் நின்றுபோன பெட்டி இலவசப் பெட்டியாக மாறிவிடாது.

ஆனால் டிஷ் வேறு கதை. வட்டத் தகடும் அதன் முன்னால் நீட்டியிருக்கும் எல்.என்.பி.யும் யாருக்கும் கட்டுப்பட்டவை அல்ல. இது தெரியாமல் புது செட்டுக்குப் பணம் கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

*

டி.டி. ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் 'டி.டி. டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் 33 சேனல்களோடு தொடங்கியது. கேபிள் போகாத ஊர்களுக்கு என்று ஆரம்பித்த சேவை. இன்றைக்கு நாடு முழுக்க 4 கோடி வீடுகளுக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள், பெரும்பகுதி வடக்கே. மாதச் சந்தா கிடையாது. இப்போது அது வருவது ஜிசாட்-15 என்ற செயற்கைக்கோளில் இருந்து. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவில் இருந்து ஏவப்பட்டது. புதுச்சேரிக்கு அடுத்த வீட்டுக்காரர்களான நமக்கு அதிலும் ஒரு பிரெஞ்சு சம்பந்தம்.

இடம்: பூமத்திய ரேகைக்கு மேலே, கிழக்கு 93.5 பாகை. வானூரில் நின்று பார்த்தால் தென்கிழக்கு. வாஸ்து பார்க்கிறவர்களுக்கு ஒரே வார்த்தையில், அக்னி மூலை. உயரம் கிட்டத்தட்ட 68 பாகை, அதாவது தலைக்கு மேலே நிமிர்ந்து பார்க்கிற அளவு. அதனால்தான் பக்கத்து வீட்டுத் தென்னை இங்கே பெரிய தடையாக இருப்பதில்லை. டெல்லியில் இதே செயற்கைக்கோள் இன்னும் தாழ்வாகத் தெரியும், பக்கத்து மாடிச் சுவரே மறைக்கும். இரண்டடித் தகடு நமக்குப் போதும். தகடு 68 பாகை நிமிர்ந்திருக்காதே என்று சந்தேகம் வரலாம். இந்த டிஷ் சாய்வாக வாங்கி எல்.என்.பி.க்கு அனுப்புகிற வகை, ஆகவே பார்வைக்கு இருபது இருபத்தைந்து பாகை குறைவாகத்தான் தெரியும்.

பழைய சன் டைரக்ட் டிஷ் மாடியில் இருந்தால் அதிர்ஷ்டம். 2010 ஜூலையில், அதுவரை சன் டைரக்ட் வந்துகொண்டிருந்த இன்சாட்-4பி-யின் சோலார் தகடு பழுதாகி மின்சாரம் பாதியானபோது, சன் டைரக்ட் 91.5 பாகையில் இருக்கும் மலேசியாவின் மீசாட்டுக்குப் போனது. அந்தத் திசையில் வைத்த டிஷ்ஷாக இருந்தாலும் வித்தியாசம் இரண்டே பாகை. நட்டைத் தளர்த்தி, விரலால் தள்ளுகிற தூரம்.

*

டிஷ் திருப்பும்போது பாக்ஸ் திரையில் இரண்டு பட்டைகள் காட்டும். ஒன்று ஸ்ட்ரெங்த், மற்றது குவாலிட்டி. ஸ்ட்ரெங்த் எண்பது காட்டுகிறது, ஆனால் படம் இல்லை என்று குழம்புவார்கள். ஒயர் சரியாக இருக்கிறது, எல்.என்.பி.க்கு மின்சாரம் போகிறது, அதற்கு மேல் ஸ்ட்ரெங்த் எதுவும் சொல்வதில்லை. டிஷ்ஷை மண்ணைப் பார்த்து வைத்தாலும் அது ஏறும். சரியான செயற்கைக்கோளைப் பிடித்தால்தான் குவாலிட்டி பட்டை அசையும், அதுவும் திடீரென்று, பூஜ்யத்தில் இருந்து அறுபதுக்கு. அதனால் ஒரு நூல் நகர்த்தி இரண்டு விநாடி நிறுத்த வேண்டும். வேகமாகத் திருப்பினால் கடந்துபோய்விடும். மாடியில் இருந்து "வருதா?" என்பதும் கீழே இருந்து "இல்ல, இல்ல, ஆங், போயிடுச்சு" என்பதும் அலுமினியக் கம்பிக் காலத்தில் இருந்து மாறவே இல்லை. கைப்பேசி வந்ததால் சத்தம் குறைந்திருக்கிறது.

கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் துருப்பிடிக்காத போல்ட் கேட்டு வாங்குங்கள். உப்புக் காற்றில் சாதா நட்டு இரண்டு மழைக்குள் இறுகிவிடும், பிறகு டிஷ்ஷைத் திருப்ப முடியாது. எல்.என்.பி. மூடி உடைந்தால் குளவி கூடு கட்டும்.

*

பாக்ஸ் தேர்வு. கடையில் இரண்டு ரகம் கிடைக்கும்: எம்பெக்-2, எம்பெக்-4. முதல் ரகம் மலிவு. ஆனால் எம்பெக்-4 முறையில் வருகிற சேனல்கள் அதில் பெயர்கூடக் காட்டாது. விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான், எம்பெக்-4 வாங்குங்கள். புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் தரையில் பரப்பி வைத்திருக்கும் பழைய பெட்டிகளில் பெரும்பாலானவை முதல் ரகம். ரிமோட் இல்லாத பெட்டியைத் தொடவே தொடாதீர்கள்.

அடுத்து, டி.வி.யின் முதுகு. 2006-இல் தொடங்கி 2011 வரை தமிழக அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டி.வி. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் ஓடுகிறது. ஒன்றரைக் கோடி வாக்கில் கொடுத்தார்கள், அவ்வளவும் பழைய இரும்புக்கா போயிருக்கும்? அதில் எச்.டி.எம்.ஐ. கிடையாது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏ.வி. ஒயர் மட்டும்தான் குத்த முடியும். புதிதாக வரும் சில பெட்டிகளில் எச்.டி.எம்.ஐ. மட்டும் இருக்கிறது. சிலவற்றில் ஏ.வி.க்கு ஒரே ஒரு சின்ன ஓட்டை, அதற்கென்று தனி ஒயர் வேண்டும். அந்த ஒயர் அட்டைப் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள்.

மூன்றாவது, அடாப்டர். பல ஃப்ரீ டிஷ் பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை. மின்கம்பமும் கேபிள் ஒயரும் சேர்ந்து விழுந்த ஊர்களில் கேபிள் திரும்ப வர நாளாகும். 12 வோல்ட் பாக்ஸை சோலார் பேட்டரியில் நேராக மாட்டலாம். ஒரு சின்ன டி.சி. டி.வி.யும் இருந்தால் செய்தி பார்க்கலாம். ஆனால் மழை கொட்டும் நேரத்தில் படம் நின்றுபோகும். ஃப்ரீ டிஷ் வருகிற கே.யு. அலைவரிசையை மழை தின்றுவிடும். மழை விட்ட பிறகுதான் டிஷ் உதவும், புயல் நேரத்துக்கு ரேடியோதான்.

*

எல்லாம் சரி, என்ன சேனல் வரும்? இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஃப்ரீ டிஷ் பட்டியலில் இந்தி வெள்ளமாக ஓடும், தமிழ் கொஞ்சம். தனியார் சேனல்கள் ஏலத்தில் கோடிக்கணக்கில் கட்டி இடம் பிடிக்கின்றன. விளம்பர வருமானத்தில் அதை எடுக்க முடிந்தால்தான் வருவார்கள். இந்திக்கு அந்தச் சந்தை இருக்கிறது. தமிழில் பெரிய சேனல்களுக்குக் கேபிள், டி.டி.எச். சந்தாவே நல்ல வருமானம், அதை விட்டுவிட்டு இலவசமாகக் கொடுக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? 2022 ஏப்ரலில் ஸ்டார், ஜீ, சோனி போன்றவை தங்கள் இந்திப் பொழுதுபோக்கு சேனல்களையே அங்கிருந்து எடுத்துக்கொண்டன.

ஆயாவுக்கு இரவு எட்டு மணி சீரியல் வேண்டும் என்றால் ஃப்ரீ டிஷ் வாங்காதீர்கள். வீட்டில் சண்டை வரும். டி.டி. தமிழ், ஆகாசவாணி வானொலிகள், பள்ளிப் பாடங்களுக்கான பி.எம். இ-வித்யா சேனல்கள் போதும் என்றால் தாராளமாக வாங்கலாம். கிரிக்கெட் பைத்தியங்களுக்கு ஒரு தனிச் செய்தி: தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அரசு அறிவிக்கும் ஆட்டங்களைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று 2007 சட்டம் சொல்கிறது. அந்தப் பகிர்வு தரைவழிக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும்தான், கேபிளுக்கு இல்லை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. காசு கட்டுகிற கேபிளில் வராத ஆட்டம் காசு கட்டாத டிஷ்ஷில் வருவது இதனால்தான்.

*

தமிழ்ச் சேனல்தான் வேண்டும், சந்தாவும் கட்டமாட்டேன் என்பவர்களுக்கு சி-பேண்ட் என்று ஒரு வழி உண்டு. ஆறடி, எட்டடி வலை டிஷ். தமிழ்ச் செய்தி, பக்தி சேனல்கள் பல பூட்டில்லாமல் அதில் கிடைக்கும். மழைக்கும் அவ்வளவாக அசையாது. ஆனால் இடம் வேண்டும், காற்றுக்குத் தாங்குகிற கான்கிரீட் அடித்தளம் வேண்டும், பொறுமை நிறைய வேண்டும். பக்கத்தில் 5ஜி கோபுரம் இருந்தால் அதன் அலை வந்து கலக்கும். 5ஜி வடிகட்டியோடு வரும் எல்.என்.பி. கேட்டு வாங்குங்கள். வலை டிஷ் வைத்திருப்பவர்களுக்கு டி.வி. பார்ப்பதைவிட சேனல் தேடுவதில்தான் ருசி அதிகம் என்பது என் சந்தேகம்.

*

புது டி.வி. வாங்கப் போகிறவர்கள் பாக்ஸ் பேச்சை எடுப்பதற்கு முன்னால் டி.வி.யின் முதுகில் மரை போட்ட சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். செயற்கைக்கோள் ட்யூனர் உள்ளேயே இருக்கும் டி.வி.க்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 18112 என்ற தரத்தை 2022-லேயே வகுத்துவிட்டது. அப்படிப்பட்ட டி.வி.யில் டிஷ் ஒயரை நேராகத் திருகினால் ஃப்ரீ டிஷ் வரும், தனிப் பெட்டி தேவையில்லை. விற்பனையாளர் "அதெல்லாம் தெரியாது சார்" என்றால் மெனுவில் 'சேட்டிலைட்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று நீங்களே ரிமோட்டை வாங்கிப் பாருங்கள்.