தபால்தலை அளவில் ஒரு தலைவலி

கிளாஸ்கோவிலிருந்து தென்மேற்கே ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ட்ரூன் வந்துவிடும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், மணல்மேடுகளும் உப்புக் காற்றுமாக ஒரு சிறிய துறைமுக ஊர். பக்கத்து ஊரான பிரெஸ்ட்விக்கின் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானங்கள் தலைக்கு மேல் இரைகின்றன. உலகெங்கிலுமிருந்து இங்கே வரும் கோல்ஃப் பிரியர்கள் தேடிப் போவது 123 கஜ நீளமே உள்ள ஒரு புல்வெளித் துண்டை.

1878-ல் தொடங்கப்பட்ட ராயல் ட்ரூன் கிளப்பின் எட்டாவது குழி அது. பிரிட்டிஷ் ஓப்பன் நடக்கும் மைதானங்களில் இதைவிடச் சிறிய குழி கிடையாது. கோல்ஃபில் குழி என்பது பந்து விழும் துளை மட்டுமல்ல. முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து துளைவரை உள்ள மொத்தப் பாதைக்கும் அதுதான் பெயர்.

ஒவ்வொரு குழிக்கும் ஒரு ‘பார்’ உண்டு. கைதேர்ந்த ஆட்டக்காரர் அதை எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்ற கணக்கு அது. துளையைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான ‘கிரீன்’ போய்ச் சேர எத்தனை அடி என்று பார்த்து, அங்கே பந்தை உருட்டித் துளையில் தள்ள இரண்டு அடியைக் கூட்டிக்கொள்வார்கள். ஒரே அடியில் கிரீனை எட்டலாம் என்றால் பார் 3. ஆண்களுக்கு 260 கஜம் வரை உள்ள குழி பார் 3 ஆகலாம். பாரைவிட ஓர் அடி குறைந்தால் பேர்டி, கூடினால் போகி.

இந்தச் சொல் கோல்ஃபுக்கு வந்ததும் இதே கரையில்தான். 1870-ல் பிரெஸ்ட்விக்கில் ஓப்பன் நடந்தபோது, ஏ.எச். டோல்மன் என்ற கோல்ஃப் எழுத்தாளர், எத்தனை அடியில் முடித்தால் ஜெயிக்கலாம் என்று இரு தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் கேட்டார். 12 குழிகளையும் பிசகில்லாமல் ஆடினால் 49 என்றார்கள் அவர்கள். பங்குச்சந்தையில் புழங்கிய ‘பார்’ என்ற சொல்லை டோல்மன் அந்த எண்ணுக்குச் சூட்டினார். மூன்று சுற்றுக்கு 147. வெற்றி பெற்ற இளைய டாம் மாரிஸ் எடுத்தது 149.

பார் பெரும்பாலும் தூரத்தை வைத்தே போடப்படுகிறது. ஆபத்து அந்தக் கணக்கில் வராது. 2024 ஓப்பனில் ட்ரூனின் ஆறாவது குழியின் நீளம் 623 கஜம், ஓப்பன் வரலாற்றிலேயே அதிகம். அங்கே முதல் அடி பிசகினாலும் அடுத்த அடிகளில் சரிக்கட்டலாம். எட்டாவதில் அதற்கு இடமில்லை. மேட்டில் நின்று பள்ளத்தைத் தாண்டி அடிக்க வேண்டும். பெரிய மணல் குன்றின் விலாவில் ஒடுங்கிக் கிடக்கிறது கிரீன். அதைச் சுற்றி ‘பங்க்கர்’ எனப்படும் மணல் பள்ளங்கள் ஐந்து. அவற்றில் ஒன்றின் பெயரே ‘சவப்பெட்டி’.

கடலில் தெரியும் எய்ல்சா கிரெய்க் தீவை வைத்து, முதலில் இதை ‘எய்ல்சா’ என்றே அழைத்தார்கள். பந்து இறங்கும் பரப்பைத் தபால்தலை அளவுக்குச் செதுக்கிவிட்டார்கள் என்று வில்லி பார்க் ஒரு பத்திரிகையில் எழுத, ‘போஸ்டேஜ் ஸ்டாம்ப்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

1950 ஓப்பனில் ஜெர்மனியின் ஹெர்மன் டிஸீஸ் இங்கே பங்க்கர் பங்க்கராக அலைந்து, 15 அடிகளில்தான் முடித்தார். 1997-ல் மாஸ்டர்ஸ் பட்டத்தை 12 அடி வித்தியாசத்தில் வென்றுவிட்டு வந்த டைகர் உட்ஸ், கடைசி நாளில் இங்கே 6 எடுத்தார். 2024-ல் சிலியின் ஹோவாகின் நீமன் எடுத்தது 8.

ஆனால் 1973-ல் 71 வயது ஜீன் சாரசன் ஒரே அடியில் பந்தைத் துளைக்குள் போட்டார். ஐம்பது வருடங்களுக்கு முன்பு, 1923-ல், இதே ட்ரூனில் தகுதிச் சுற்றையே தாண்டாதவர் அவர். மறுநாள் பந்து பங்க்கரில் விழுந்தது. மணலிலிருந்து அடிக்கும் ‘சாண்ட் வெட்ஜ்’ மட்டையை உருவாக்கிய பெருமைக்குரியவராயிற்றே! அங்கிருந்தே நேராகத் துளையில் சேர்த்தார். இரண்டு நாளில் பார் 6. அவர் எடுத்தது 3.

வெளியூர்க்காரர்களும் முன்பதிவு செய்து, கட்டணம் கட்டி இங்கே ஆடலாம். கையில் கொடுக்கும் அட்டையில் எட்டாவது குழிக்கு நேரே 3 என்று அச்சிட்டிருக்கும். அன்றைய காற்று எந்தப் பக்கம் என்று அதில் இருக்காது.