கடைசிப் படத்தை வச்சு ஒரு ஆளை அளக்கலாமா?

1/
பெரிய நடிகர்கள் பல பேருக்குக் கடைசிப் படம் சரியா அமையல. சிவாஜிக்கு "பூப்பறிக்க வருகிறோம்". எம்.ஜி.ஆருக்கு "மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்". ஹாலிவுட்டில் ஜீன் ஹேக்மேனுக்கு "வெல்கம் டு மூஸ்போர்ட்". "இவ்வளவு பெரிய ஆளு, போயும் போயும் இந்தப் படத்தோடயா முடிக்கணும்?"னு ரசிகர்கள் ஆதங்கப்படுவாங்க. இதுல ஒரு டாக்டரா நான் சொல்றதுக்குக் கொஞ்சம் இருக்கு. பதிவு நீளம். டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

2/
முதல்ல சிவாஜி. 1952-ல் பராசக்தி. 1960-ல் கெய்ரோ ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் கட்டபொம்மனுக்காகச் சிறந்த நடிகர் விருது. 1999 ஏப்ரலில் படையப்பா வந்துச்சு. அதோட நின்னிருந்தா என்ன அழகா இருந்திருக்கும்னு தோணும். ஆனா அதே வருஷம் செப்டம்பரில் "பூப்பறிக்க வருகிறோம்" வந்துச்சு. இன்னைக்குப் பல பேருக்கு அந்தப் பேரே தெரியாது. 2001 ஜூலை 21-ல், 72 வயசுல, அவர் போய்ட்டார்.

3/
இதயக் கோளாறோட இருந்த மனுஷன் அவர். ரெண்டு படத்துல எது முதல்ல தியேட்டருக்கு வரும், எதுக்கு அப்புறம் உடம்பு இடம் கொடுக்காதுங்கறதை எல்லாம் அவரா எழுதி வச்சார்? "இதுதான் என் கடைசிப் படம்"னு தெரிஞ்சு நடிக்கிறவங்க ரொம்பக் குறைவு. கடைசிங்கற பட்டத்தைப் பின்னாடி ஒட்டுறது நாமதான்.

4/
எம்.ஜி.ஆர் கதை வேற. அவர் நாயகனா நடிச்ச முதல் படம் "ராஜகுமாரி" (1947). எடுத்தது நம்ம கோயமுத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில். 1977 ஜூன் 30-ல் முதலமைச்சர் ஆனார். ஏற்கெனவே கையில் இருந்த சுந்தரபாண்டியன் 1978 பொங்கலுக்கு வந்துச்சு, அவரே இயக்கினது. மலைக்கள்ளனையும் நாடோடி மன்னனையும் பார்த்தவங்களுக்கு அது சுமார்தான். ஆனா மனுஷன் அப்ப கோட்டையில உக்காந்துட்டார். அது முடிவு இல்ல, வேலை மாற்றம்.

5/
என்னை ரொம்ப நாளா உறுத்துறது எம்.கே. தியாகராஜ பாகவதர்.

மொத்தம் 14 படங்கள். 1934 பவளக்கொடியில ஆரம்பிச்சு 1944 ஹரிதாஸ் வரைக்கும் 9. அதுல 1943-ல் வந்த சிவகவியும் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்ததுதான். ஹரிதாஸ் சென்னை பிராட்வே தியேட்டரில் மூணு தீபாவளி கண்டது.

6/
அந்தப் படம் அங்க ஓடிக்கிட்டு இருக்கும்போதே, லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் ஜெயிலுக்குப் போனார். லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் வழக்கு போய், 1947 ஏப்ரலில் விடுதலை ஆனார். அப்புறம் நடிச்சது 5 படங்கள். 1948 ராஜமுக்தியில ஆரம்பிச்சு எதுவுமே பழைய இடத்தை மீட்டுத் தரல. கடைசிப் படம் "சிவகாமி" 1960-ல் வந்தப்ப அதைப் பார்க்க அவரே இல்ல.

7/
அவரோட கடைசி நாட்கள் நம்ம பக்கத்துக் கதை. 1959 அக்டோபரில் பொள்ளாச்சியில் ஒரு கச்சேரி. ரொம்ப நாளா சர்க்கரை வியாதி அவருக்கு. கச்சேரி முடிஞ்சதும் ஒரு ரசிகர், தன்னை வைத்தியர்னு சொல்லிக்கிட்டு, "இதைச் சாப்பிட்டா சர்க்கரை நிரந்தரமா போயிடும்"னு மூலிகை மருந்து ஒண்ணைக் கொடுத்தார்னு அவர் வாழ்க்கையை எழுதினவங்க சொல்றாங்க. உடம்பு மோசமாகி, சென்னை அரசு பொது மருத்துவமனையில் சேர்த்தாங்க. நவம்பர் 1-ல் இறந்துட்டார். வயசு 49.

8/
அந்த மருந்துதான் காரணம்னு நான் தீர்ப்பு சொல்ல வரல. குளுக்கோமீட்டர் வீட்டுக்கு வராத காலம் அது. மூத்திரத்தைக் காய்ச்சி நிறம் மாறுதான்னு பார்த்துச் சர்க்கரையைக் கணக்குப் போட்ட காலம். ஆனா "நிரந்தரமா போயிடும்"ங்கற அதே வார்த்தையை நம்பி, இன்சுலினை நிறுத்திட்டு இன்னைக்கும் எங்க ஓ.பி.க்கு ஆட்கள் வர்றாங்க. தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க.

9/
கடைசிப் படம் எதுன்னு டாக்டரே முடிவு பண்ணின கதையும் உண்டு. ஜீன் ஹேக்மேன், ரெண்டு ஆஸ்கர் வாங்கினவர். 1990-லேயே இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஆஞ்சியோபிளாஸ்டி ஆச்சு. 2004 மூஸ்போர்ட் படத்துக்கு அப்புறம் நடிக்கவே இல்ல. நியூயார்க்கில் எடுத்த ஸ்ட்ரெஸ் டெஸ்டைப் பார்த்துட்டு, "உங்க இதயம் இந்த டென்ஷனைத் தாங்கற நிலையில இல்ல"ங்கற மாதிரி டாக்டர் சொன்னார்னு பின்னாடி அவரே ஒரு பேட்டியில சொன்னார்.

"இன்னும் ஒரு நல்ல படம் பண்ணிட்டு நிறுத்தறேன்"னு அவர் பிடிவாதம் பிடிக்கல. நாவல் எழுதினார், ஊரில் அமைதியா இருந்தார். 2025-ல், 95 வயசுல இறந்தார். நல்ல கடைசிப் படம் கிடைக்கல. 20 வருஷத்துக்கு மேல வாழ்க்கை கிடைச்சுது.

10/
சரி, முடிவு மட்டும் ஏன் நம்மளை இப்படி உறுத்துது? இதுக்கு ஒரு ஆராய்ச்சி இருக்கு. டொரண்டோவில் டாக்டர் ரெடல்மையரும் உளவியல் அறிஞர் டேனியல் கானமனும் பண்ணினது, 1996-ல் வெளியாச்சு.

ஆசனவாய் வழியா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற கொலோனோஸ்கோப்பி. 154 பேர் கிட்ட நிமிஷத்துக்கு நிமிஷம் "வலி எவ்வளவு?"னு கேட்டுக் குறிச்சாங்க. சிலருக்கு 4 நிமிஷத்தில் முடிஞ்சுது, சிலருக்கு 69 நிமிஷம் ஆச்சு. அப்புறமா "மொத்தமா எப்படி இருந்துச்சு?"னு கேட்டா, எவ்வளவு நேரம்ங்கறது கணக்குலயே வரல. ரொம்ப வலிச்ச நிமிஷமும், முடிவில் எவ்வளவு வலிச்சுதுங்கறதும்தான் மனசுல நின்னுச்சு.

11/
அடுத்து 682 பேரை வச்சு இன்னொரு ஆய்வு, 2003-ல் வந்துச்சு. பாதிப் பேருக்கு, பரிசோதனை முடிஞ்சும் குழாயை உடனே எடுக்காம, அசைக்காமக் கொஞ்ச நேரம் விட்டு வச்சாங்க. அவங்களுக்கு நேரம் கூடுதல்தான். ஆனா முடிவில் வலி குறைவு. அவங்கதான் "பரவால்ல"ன்னு சொன்னாங்க.

அதாவது நம்ம ஞாபகம் மொத்தத்தையும் கூட்டிக் கணக்குப் போடறது இல்ல. உச்சத்தையும் முடிவையும் மட்டும் எடுத்து வச்சுக்குது. கடைசிப் படம் நம்மளைக் குத்துறதுக்கும் இந்தப் புத்திதான் காரணம்னு நினைக்கிறேன்.

12/
இது சினிமாக்காரங்களுக்கு மட்டும் இல்ல. கொஞ்ச நாள் முன்னாடி எங்க வார்டுல ஒரு பெரியவர். உடுக்கை அடிச்சு அண்ணன்மார் கதை பாடறவர். பொன்னர் சங்கர் கதையை நம்ம பக்கத்துக் கோயில்கள்ல ராத்திரி ராத்திரியா உக்காந்து பாடுவாங்களே, அது. காலெல்லாம் வீக்கம், படுத்தா மூச்சு முட்டுது. எக்கோல இதயம் பம்ப் பண்றது 30 சதவீதம்தான். 55-க்கு மேல இருக்கணும்.

மருந்து கொடுத்து நீர் இறங்கினதும், "ஐயா, இனி ராத்திரி முழுக்க பாடறது வேண்டாம்"னு சொன்னேன்.

13/
அவருக்கு அதுல வருத்தம் இல்ல. வருத்தம் வேற.

"கடைசியாப் பாடுன ராத்திரி கெட்டுப் போச்சுங்க டாக்டரு. படுகளம் பாடோணும். அந்த எடத்துல மூச்சு நின்னு உக்காந்துட்டனுங்க. சின்னப் பையன்தான் பாடி முடிச்சான். ஊரே பாத்துச்சுங்க. இனி என்னைய நெனச்சா அதுதானுங்க நெனப்பு வரும். ஒரே ஒரு ராத்திரி உடுங்க, நல்லபடியாப் பாடி முடிச்சர்றேன்."

நல்ல முடிவு ஒண்ணு வேணும்னு கேக்கறார். எனக்குப் புரியுது. ஆனா அந்த ராத்திரிக்கு அவர் இதயம் என்ன விலை கேக்கும்னும் எனக்குத் தெரியும். "ஒரு மணி நேரம், உக்காந்த வாக்குல, மாத்திரையை விடாம, அதுவும் மூணு மாசம் போகட்டும்"னேன். அவர் சிரிச்சுட்டார். "ஒரு மணி நேரத்துல என்னுங்க பாடறது?"

14/
பக்கத்துப் பெட்டுல இருந்த காங்கயத்துக்காரர் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தார்.

"ஏனுங்க, நீங்க எங்கூருக்கு வந்து பாடுனீங்கல்லங்க? நான் அப்ப சிறுசு. தங்காள் அழுவற எடத்துல எங்கம்மா அழுத அழுகை இன்னும் கண்ணுக்குள்ள நிக்குதுங்க."

பெரியவர் விடல. "கடைசியாப் பாடுனன் பாருங்க, அதுக்கு வந்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப உங்களுக்குத் தெரியாது."

"வந்திருந்தா மட்டும் எங்கம்மா அழுதது மறந்து போயிருமாக்கும்?"

பெரியவர் கிட்ட பதில் இல்ல. என் கிட்டயும் அதை விட நல்ல மருந்து இல்ல.

15/
கானமன் சொன்னது பொய் இல்ல. ஆனா அது ஒரு மணி நேரப் பரிசோதனைக்குப் பொருந்தற அளவுக்கு, நாப்பது வருஷ உழைப்புக்குப் பொருந்தாது. பாகவதரோட கடைசி 5 படத்தை யாரும் பேசறதில்ல. ஆனா ஹரிதாஸ் பாட்டை இன்னும் எங்கேயாவது ஒரு தாத்தா முணுமுணுத்துக்கிட்டுத்தான் இருக்கார். முடிவு மோசமா இருந்தா உறுத்தறது, கிட்ட இருந்து பார்க்கிற நமக்கும் அந்த ஆளுக்கும்தான். கொஞ்சம் தள்ளிப் போனா, உச்சம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது.

16/
அதனால ரெண்டே விஷயம்.

ஒண்ணு: உங்க வீட்டுல யாருக்காவது, பஸ் ஓட்டறவரோ, லேத்துல நிக்கறவரோ, சமையல்காரரோ, "போதும், நிறுத்துங்க"ன்னு டாக்டர் சொல்லியிருந்தா, கடைசியா நடந்த தப்பைத் திருப்பித் திருப்பிப் பேசாதீங்க. அவர் நல்லாச் செஞ்ச நாள் ஒண்ணை அவர் காதுல விழற மாதிரி சொல்லுங்க.

ரெண்டு: நல்லபடியா முடிக்கணுங்கறதுக்காக உடம்பைப் பணயம் வைக்க விடாதீங்க. மாத்திரையை மட்டும் எந்தக் காரணத்துக்கும் நிறுத்த விடாதீங்க.

17/
பெரியவர் மாசா மாசம் மாத்திரை வாங்க வர்றார். கால்ல வீக்கம் இல்ல. இன்னும் பாடல. போன தடவை, "அந்த ஒரு மணி நேரம்னு சொன்னீங்கல்லங்க, அதுல எந்தப் பகுதியைப் பாடறதுன்னு ரோசனை பண்ணிட்டு இருக்கறனுங்க"ன்னார். மூணு மாசம் முடிய இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. எக்கோ பார்த்துட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.