மாரிக்குப்பம் வரை ஒரு பாலைவனம்

பாலைவன நகரத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் துபாய்க்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. பங்காரப்பேட்டையில் ரயில் மாறினால் போதும். பெங்களூரு–ஜோலார்பேட்டை பாதையிலிருந்து இங்கே ஒரு கிளை பிரிகிறது. சுமார் 16 கிலோமீட்டர் ஓடி மாரிக்குப்பத்தில் நின்றுவிடும். அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு இயந்திரமும் நிலக்கரியும் கொண்டுபோக 1890களில் போட்ட பாதை இது.

காலை வேளையில் இதில் கோலார் தங்கவயலுக்குப் போகிறவர் சாய்ந்து உட்கார்ந்து போகலாம். கூட்டமெல்லாம் எதிர்த்திசை ரயிலில். விடியுமுன் கிளம்பி பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் அவர்கள். ஒரு காலத்தில் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புக்காக ஆட்கள் வந்து குவிந்த ஊர் இது.

முதலில் வரும் நிறுத்தம் பெமல் நகர். 1964இல் தொடங்கிய பெமல், மண் வாரும் ராட்சத வண்டிகள் செய்யும் அரசு நிறுவனம். அதைத் தாண்டினால் கோரமண்டல், ஊரிகம், சாம்பியன். ஜன்னலுக்கு வெளியே மேடுகள் எழத் தொடங்குகின்றன. பச்சையே இல்லாமல், உச்சி தட்டையாக, மழை அறுத்த வரிகளோடு நிற்கும் இவற்றைச் சயனைட் மேடு என்கிறார்கள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவு. நூறு வருடத்துக்கும் மேலாகக் கொட்டியிருக்கிறார்கள். காற்றுக் காலத்தில் இந்தத் தூள் பறந்து வீட்டுக்குள், சோற்றுக்குள், நெஞ்சுக்குள் போகிறது. ‘கே.ஜி.எஃப்’ படக்காரர்கள் இங்கே வந்து செட் போட்டதில் வியப்பில்லை. இயற்கை உண்டாக்காத பாலைவனம் வேறெங்கே இவ்வளவு பக்கத்தில் கிடைக்கும்?

வளைகுடா நகரங்களோடு ஒப்பிடுவது வெறும் மணலுக்காக அல்ல. லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் 1880இல் இங்கே கால் வைத்த பிறகு, இந்த வறண்ட மேட்டுநிலத்துக்குத் தேவையான ஒவ்வொன்றும் வெளியிலிருந்தே வந்தது. குடிநீர் பாலாற்றைத் தேக்கிய பேத்தமங்கலத்திலிருந்து. மின்சாரம் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து, ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி வழியாக, 1902இல். பெங்களூருத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான். துரைமார்களுக்கு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். உழைக்கும் கைகளுக்குத் தகரமும் தட்டியும் வைத்த லைன் வீடுகள். ஆட்களில் பெரும்பாலோர் தமிழர்கள், அதிலும் தலித்துகள். தொழிலாளர் முகாமில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று நம் பையன்கள் அரபு நாட்டிலிருந்து சொல்லும்போது நாம் புதிதாகக் கேட்பதுபோல் திடுக்கிடுகிறோம். அதே வகைக் கட்டுப்பாடான கைரேகைப் பதிவை எதிர்த்து இங்கே 1930இலேயே வேலைநிறுத்தம் நடந்திருக்கிறது. 1946 நவம்பரில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 6 தொழிலாளர்கள் செத்தார்கள்.

சாம்பியனில் இறங்கி நடப்பது நல்லது. ரயிலிலேயே இருந்தால் தவறவிடுவது நிறைய. லைன்களும், மூடிக்கிடக்கும் சாஃப்டு என்ற சுரங்கக் குழிகளும், ஆங்கிலப் பெயர்களும் தமிழ்ப் பேச்சுக்குள் சகஜமாகக் கலந்து கிடக்கின்றன. காலுக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். அடியில் பாறைச் சூடு 60 டிகிரியைத் தாண்டியது. பாறை வெடித்துச் சிதறுவதை இங்குள்ளவர்கள் ஏர் பிளாஸ்ட் என்றார்கள். அதற்குத் தப்பியவர்களைச் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் பிடித்துக்கொண்டது. இந்த ஆழத்துக்குத்தான் டாட்டா ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானிகள் ஜப்பானியரோடும் ஆங்கிலேயரோடும் சேர்ந்து இறங்கி, 1965இல் வளிமண்டல நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடத்தைக் கண்டார்கள். பள்ளிப் பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

கடைசி நிலையம் மாரிக்குப்பம். சுரங்க வரலாறு எழுதுகிறவர்கள் தங்கக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இந்த ஊரின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்தம் வேர்பிடித்த இடங்களில் மாரிக்குப்பம் முக்கியமானது. அவர் நடத்தி, அவர் மறைவுக்குப் பின் நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்துதான் மறுபடி கொண்டுவந்தார். ஷிஃப்டு முடிந்து மேலே வந்தவர்கள் கூடிப் படித்த பத்திரிகை. வளைகுடாவின் கண்ணாடிக் கோபுரங்களுக்கு அடியில் நம்மவர்கள் இப்படி ஒன்றை இன்னும் கட்டவில்லை.

சுரங்கம் 1956இல் மைசூர் அரசிடமும், 1962இல் மத்திய அரசிடமும் வந்தது. தோண்டும் செலவு தங்கத்தின் விலையை மிஞ்சியதால் 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். 120 வருடத்தில் எடுத்தது சுமார் 800 டன். அதில் ஒரு குண்டுமணிகூட லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

இப்போது மேடுகளுக்கே விலை வந்துவிட்டது. கழிவில் மிஞ்சியிருக்கும் தங்கத்துக்காக 13 மேடுகளை, ஏறக்குறைய ஆயிரம் ஏக்கரை, ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024இல் கர்நாடக அரசு சம்மதம் தெரிவித்தது. மேட்டைக் கிளறினால் தூசு இரட்டிப்பாகும். ஏலம் எடுக்கப் போகிறவர் யாராக இருந்தாலும், தூசைக் கட்டுப்படுத்துவதையும் வேலையில் முதல் உரிமை இந்த லைன்காரர்களுக்கே என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத்தாக வைக்க வேண்டும். ஏலத்துக்கு முன்பே எழுத வேண்டும். பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.