டேஷ்போர்டுக்குள் நனைந்த கடிதம்

பணம் தரவேண்டியவனே முந்திக்கொண்டு கோர்ட்டுக்குப் போவான் என்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். மயாமியில், அதுவும் படகுக் காப்பீட்டில், அது அன்றாடம் நடப்பது. 'இந்தப் பாலிசிப்படி நாங்கள் ஒரு காசும் தரவேண்டியதில்லை என்று அறிவியுங்கள்' என்று ஃபெடரல் கோர்ட்டில் மனுப்போட்டுவிட்டு, பிரதியைப் பாலிசிதாரருக்கு அனுப்பிவைப்பார்கள். அப்படி ஒரு பிரதியைச் சுருட்டிக் கையில் பிடித்தபடிதான் அந்த மருத்துவர் என் அலுவலகத்துக்கு வந்தார். தூத்துக்குடிக்காரர். மூட்டு அறுவை நிபுணர். முதல் வார்த்தையே, "அண்ணாச்சி, எனக்குக் கடல் ஒண்ணும் புதுசு இல்ல. எங்க தாத்தா தோணியில கொழும்புக்குச் சரக்கு ஏத்திட்டுப் போனவரு."

அவரிடம் முன்பு இருந்தது 24 அடிப் படகு, ஒற்றை எஞ்சின். ஆறு வருடம் ஓட்டினார், ஒரு கீறல் விழவில்லை. 2021 கடைசியில் அதைக் கொடுத்துவிட்டு, 38 அடியில் ஒரு பழைய படகை வாங்கினார். பின்னால் இரண்டு 525 குதிரைத்திறன் எஞ்சின்கள், அருகருகே. வடக்கு மயாமியின் 188ஆம் தெருவில் டான் அரோனோ வரிசையாகப் பட்டறை போட்டு உலகம் முழுக்க விற்றாரே, அந்த வம்சத்துப் படகு. அரோனோவை அதே தெருவில் 1987இல் சுட்டுக் கொன்றார்கள். எண்பதுகளில் இந்த மாதிரிப் படகைப் போதைப்பொருள் கடத்துகிறவனும் வைத்திருந்தான், அவனைத் துரத்திய அரசாங்கமும் வைத்திருந்தது. காப்பீட்டுக்காரர்கள் இன்றும் இந்தப் படகைக் கண்டால் முகம் சுளிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

அந்த முகச்சுளிப்பு பாலிசியில் ஒரு வரியாக உட்கார்ந்திருந்தது. உரிமம் பெற்ற கேப்டன் ஒருவர் கூடவே இருந்து பழக்கி, 'இவர் தனியாக ஓட்டலாம்' என்று எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதம் நிறுவனத்துக்கு வந்து சேரும்வரை அவர் தனியாக ஓட்டக் கூடாது. இதற்குப் பெயர் வாரண்டி. கடையில் மிக்ஸிக்குத் தருகிற வாரண்டி இல்லை. இங்கே வாக்குக் கொடுப்பது பொருளை வாங்கியவர். வாக்குத் தவறினால் பாலிசியே போச்சு.

மருத்துவர் கேப்டனை வைத்துக்கொண்டார், மூன்று நாள் பழகினார். கடிதமும் வாங்கினார். தரகர் அனுப்பிவிடுவார் என்று இவர் நினைத்தார். இவர் அனுப்பிவிட்டார் என்று தரகர் நினைத்தார்.

2022 கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிஸ்கேன் விரிகுடா, ஸ்டில்ட்ஸ்வில்லுக்குப் பக்கம். கடலுக்கு நடுவே கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள் இருக்கிற இடம். பக்கத்து இருக்கையில் மச்சினன், மனைவியின் தம்பி. இடப்பக்கம் திரும்பும்போது எதிரே ஒரு பெரிய படகு கிளப்பிய அலை. மருத்துவர் பயந்து இரண்டு திராட்டிலையும் சட்டென்று பின்னுக்கு இழுத்தார். "அணியம் குத்துச்சு அண்ணாச்சி. அவ்வளவுதான் தெரியும். பின்பக்கம் பம்பரம் மாதிரி சுத்திருச்சு." மச்சினன் பக்கச்சுவரில் மோதித் தண்ணீருக்குள் விழுந்தான். காறை எலும்பு முறிந்தது. படகின் ஒரு டிரைவ் பிய்ந்தது, அதன் உடம்பில் விரிசல்.

அந்தச் சுழற்சி எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. படகின் அடிப்பாகத்தில் குறுக்கே படிகள் வெட்டியிருப்பார்கள். ஓடும்போது அந்தப் படிகளுக்குக் கீழே காற்று புகும். தண்ணீரில் ஒட்டுகிற பரப்பு குறையும், வேகம் கூடும். நேராக ஓடுகிறவரை சொர்க்கம். திருப்பத்தில் விசையைத் திடீரென்று எடுத்தால் முன்பக்கம் கீழே இறங்கித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், பின்பக்கத்துக்குப் பிடி இருக்காது. மிச்சம் நடந்ததுதான். அவருடைய 24 அடிப் படகுக்கு இந்தப் படி கிடையாது. பயந்து விசையை இழுத்தால் அது சாதுவாக உட்கார்ந்துவிடும். ஆறு வருடம் அந்தப் படகு கற்றுக்கொடுத்த பாடத்தைத்தான் கை அன்றைக்குச் செய்தது. பழைய படகை விற்றார், கையிலிருந்த பழக்கத்தை விற்கவில்லை. நாங்கள் வக்கீல்கள் இரண்டு வருடம் காகிதத்தைப் புரட்டினோம். வழக்கு இருந்தது அந்தக் கையில்.

எங்கள் வாதம் சுலபமானது. ஃபுளோரிடாச் சட்டத்தில் 627.409 என்று ஒரு பிரிவு: கடல் காப்பீட்டில் வாரண்டியை மீறினாலும், அந்த மீறல் ஆபத்தைக் கூட்டியிருந்தால்தான் பாலிசி செல்லாது. பழக்கம் நடந்தது, கடிதம் இருக்கிறது, தபாலில் போகவில்லை. தபாலில் போகாத கடிதம் படகைச் சுழற்றுமா? ஆனால் பாலிசியின் கடைசிப் பக்கம் தகராறுகளுக்கு நியூயார்க் சட்டம் என்றது. அங்கே கறார், எழுத்துக்கு எழுத்து. உள்ளூர் மக்களைக் காக்கும் மாநிலக் கொள்கையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று பிலடெல்பியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் சொல்லியிருந்தது. அது எங்கள் வட்டாரம் இல்லை, எங்களைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் அதைப் பிடித்துத் தொங்கினேன்.

கடிதத்தை நானே தேடினேன். பழுதுபார்க்கும் யார்டில், டேஷ்போர்டுக்குள், சன் கிரீம் டப்பாவுக்கும் ஒரு சிவப்புச் சுருள் கயிற்றுக்கும் அடியில் நாலாக மடித்துக் கிடந்தது. ஓரம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. காரில் உட்கார்ந்து பிரித்தேன். 'மொத்தம் 14 மணி நேரம். துறைக்குக் கொண்டுவருவது நன்று. தனியாக ஓட்டலாம்.' அங்கேயே நிறுத்தியிருக்கலாம் அந்த மனிதர். இரண்டாவது பத்தி: 'திருப்பத்தில் திராட்டிலை இழுக்கும் பழக்கம் இருக்கிறது. இன்னும் ஒரு நாள் என்னோடு ஓட்டும்வரை 45 மைலைத் தாண்ட வேண்டாம்.'

படகின் ஜிபிஎஸ் பதிவில் அந்த நிமிடத்தின் வேகம் 61.

மருத்துவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு மெதுவாக, "அண்ணாச்சி, ரெண்டாவது பத்தி நமக்கு எதுக்கு?" என்றார். எதிர்த்தரப்பு கேட்ட ஆவணத்தில் பாதியைக் கொடுப்பது என்ற வசதி இந்த ஊரில் இல்லை, கொடுத்தால் முழுசாக. இருந்தாலும் அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன் என்று சொல்லமாட்டேன்.

டெபொசிஷனில், அதாவது விசாரணைக்கு முன் எடுக்கும் வாக்குமூலத்தில், அந்தச் சிவப்புக் கயிறும் மேசைக்கு வந்தது. ஓட்டுகிறவர் விழுந்தால் எஞ்சினை அணைக்கிற கயிறு. எதிர்த்தரப்பு வக்கீல் சாதுவாகக் கேட்டார்: பழைய படகில் மாட்டுவீர்களா? மாட்டுவேன். இந்தப் படகில்? இல்லை. ஏன்? "சட்டம் சொல்லல." அவர் சொன்னது சரி. 2021 ஏப்ரல் 1 முதல் ஃபெடரல் சட்டப்படி அந்தக் கயிற்றை மாட்டியாக வேண்டும், 26 அடிக்குக் குறைந்த படகுகளில். 38 அடிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விபத்துக்கும் கயிற்றுக்கும் சம்பந்தமும் இல்லை. அவர் விழுந்தது படகுக்குள்ளேயே. ஆனாலும் வேகம் ஏறிய பிறகு காவல் ஒன்றைக் கழற்றிப் பெட்டியில் போட்டவர் என்ற படம் அறையில் தங்கிவிட்டது. அனுபவம் எத்தனை ஆண்டு என்ற கேள்விக்குத் தாத்தாவின் தோணியையும் சேர்த்துச் சொன்னார். டைப் செய்துகொண்டிருந்த அம்மாள் 'தோணி'க்கு எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2024 பிப்ரவரி 21. உச்ச நீதிமன்றம் பிலடெல்பியாத் தீர்ப்பை ஒருமனதாகப் புரட்டியது. அதுவும் ஃபுளோரிடாவில் தரைதட்டிய ஒரு படகின் கதைதான். தீயணைப்புக் கருவிக்கு உரிய காலத்தில் சான்று புதுப்பிக்கவில்லை என்று காப்பீட்டை மறுத்திருந்தார்கள். அங்கே தீயே பிடிக்கவில்லை. கடல் ஒப்பந்தத்தில் எந்த மாநிலச் சட்டம் என்று எழுதியிருக்கிறதோ அதுவே பொதுவாகச் செல்லும் என்றது நீதிமன்றம். தீர்ப்பைப் படித்து முடித்ததும் மருத்துவருக்குப் போன் செய்து, மத்தியஸ்தத்துக்குப் போகலாம் என்றேன்.

இதற்கிடையே மச்சினன் மருத்துவர் மேல் தனியாக வழக்குப் போட்டிருந்தான். வேறு வழியில்லை, காப்பீட்டுப் பணத்துக்கு அவனுக்கிருந்த பாதை அக்காள் புருஷன் வழியாகத்தான் போனது. இதை அக்காளுக்குப் புரியவைக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. ஃபீஸ் வாங்காமல் செய்த வேலை. அதில்தான் நான் அதிகம் திணறினேன்.

மத்தியஸ்தம் இரவு ஒன்பது வரை இழுத்தது. படகின் சேதத்தை நாங்கள் விட்டுக்கொடுத்தோம். மச்சினனின் ஆஸ்பத்திரிச் செலவோடு கொஞ்சம் சேர்த்து நிறுவனம் கொடுத்தது. தொகையைச் சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒரு வருடம் கழித்து மருத்துவர் போன் செய்தார். டிரைவ் மாற்றிப் படகு திரும்ப இறங்கிவிட்டதாம். அதே கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து, நாள் கணக்குக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு, திருப்பத்தில் இவர் கைமேல் கை வைத்துக்கொள்கிறாராம்.

"மச்சினனும் வந்தானா?"

"வந்தான் அண்ணாச்சி. துறையில நின்னு கயிறு அவுத்துவிட்டான். ஏறலை."