கதர் கட்சி பிறந்த மர ஆலை ஊர்

பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து இந்தியாவை விடுவிக்க எழுந்த கதர் கட்சி எங்கே பிறந்தது என்று கேட்டால் பெரும்பாலான புத்தகங்கள் சான்பிரான்சிஸ்கோவைக் கைகாட்டும். (காந்தியின் கதருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது கிளர்ச்சியைக் குறிக்கும் உருதுச் சொல்.) கட்சியின் தலைமையகமான யுகாந்தர் ஆசிரமம் அங்கேதான் இருந்தது. 1913 நவம்பர் 1 அன்று ‘கதர்’ பத்திரிகையின் முதல் இதழ் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் கட்சியின் முதல் தலைவர் சோகன் சிங் பக்னா ஓரிகன் மாநிலத்தில் மர ஆலைத் தொழிலாளி. பொருளாளர் பண்டிட் கான்ஷி ராமும் அதே ஓரிகன் வட்டாரம். தலைவரும் பொருளாளரும் வடக்கே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஓரிகனில் இருக்க, கட்சி மட்டும் கலிஃபோர்னியாவில் எப்படிப் பிறந்தது? கணக்கு உதைத்தது. போர்ட்லண்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எனக்கு அதை அப்படியே விட மனம் வரவில்லை.

பழைய கதர்க்காரர்கள் பின்னாளில் எழுதிவைத்த நினைவுகளில் ஓர் ஊர்ப் பெயர் வருகிறது: ஆஸ்டோரியா. கொலம்பியா ஆறு பசிபிக் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய ஊர். 1811-இல் ஜான் ஜேக்கப் ஆஸ்டரின் ஆட்கள் மென்மயிர்த்தோல் வியாபாரத்துக்காகப் போட்ட கிடங்கிலிருந்து வளர்ந்தது. சால்மன் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகளும் மர ஆலைகளும்தான் அன்று அதன் பிழைப்பு.

இந்த ஊரின் நினைவைக் காப்பது கிளாட்சாப் கவுன்டி வரலாற்றுக் கழகம். கவுன்டி என்பது நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு. பழைய நகரமன்றக் கட்டடம் ஒன்றில் அருங்காட்சியகம், கப்பல் வழிகாட்டி ஜார்ஜ் ஃபிளேவல் 1880களில் கட்டிய மாளிகை, கவுன்டியின் பழைய சிறைச்சாலையில் ஒரு திரைப்பட அருங்காட்சியகம் என்று பலவற்றைக் கழகம் நடத்தி வந்திருக்கிறது. 1985-இல் வந்த ‘தி கூனீஸ்’ படத்தின் முதல் காட்சி அந்தச் சிறையில் எடுத்தது. ரசிகர்கள் இன்றும் தேடி வருகிறார்கள். வரட்டும். ஒரு சின்னக் கவுன்டி தன் பழைய காகிதங்களைப் பூச்சியும் ஈரமும் அண்டாமல் வைத்திருக்க, இப்படித்தான் காசு சேர்க்க வேண்டியிருக்கிறது.

நான் முதலில் பிரித்தது 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை. எல்லாம் கையெழுத்து. பெயர், உறவு, நிறம், வயது, பிறந்த நாடு, தாய் தந்தை பிறந்த நாடு, அமெரிக்கா வந்த ஆண்டு, ஆங்கிலம் பேசுவாரா, என்ன வேலை என்று கட்டம் கட்டமாகப் போகும். ஊரில் குடியேறிய ஃபின்லாந்துக்காரர்களின் பெயர்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். திடீரென்று சிங், சிங், சிங். கணக்கெடுத்தவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். நிறத்துக்கான கட்டத்தில் ‘மற்றவர்’ என்று இரண்டெழுத்துச் சுருக்கம், கூடவே ‘இந்து’ என்று ஒரு குறிப்பு. சீக்கியரோ முஸ்லிமோ, இந்தியாவிலிருந்து வந்த எல்லோரையும் அன்றைய அமெரிக்கா அப்படித்தான் எழுதியது. வேலை: கூலி. தொழில்: மர ஆலை.

ஆலையின் பெயர் ஹேமண்ட். அதைச் சுற்றி ஆல்டர்புரூக் பகுதியில் இந்தியத் தொழிலாளிகள் குடியிருந்த சந்துக்கு ‘இந்து ஆலி’ என்றே பெயர் விழுந்தது. பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து வந்த ஆண்கள். சில குடும்பங்களும் இருந்தன. எழுத்தாளர் கர்த்தார் தில்லனின் குழந்தைப்பருவம் இந்த ஊரில்தான் கழிந்தது; அவருடைய தந்தைக்கு ஆலையில் வேலை. உள்ளூர் நாளேடுகளில் இந்தியர்கள் தலைகாட்டும் இடங்களில் எனக்கு மிகப் பிடித்தது குஸ்திச் செய்திகள். ஆலையில் கட்டை தூக்கியவர்கள் மேடையில் மல்லுக்கட்ட, ஊரே திரண்டு பார்த்திருக்கிறது.

இந்தக் குஸ்தி சாதாரண விஷயமில்லை. 1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்துப் பெல்லிங்ஹாமில் வெள்ளைக் கும்பல் இந்தியத் தொழிலாளிகளை அடித்து ஊரைவிட்டே விரட்டியது. 1910 மார்ச்சில் போர்ட்லண்டை ஒட்டிய செயின்ட் ஜான்ஸிலும் அதே கதை. ஆஸ்டோரியாவில் அப்படி நடக்கவில்லை. ஃபின்லாந்துக்காரர்களில் ஒரு பெரும்பகுதி சோஷலிஸ்டுகள். 1907 முதல் ‘தோவெரி’ என்ற பத்திரிகையை அங்கே நடத்தியவர்கள். ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்த நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாட்டிலிருந்து வந்தவர்களின் பேச்சு புரியாமல் போயிருக்காது என்பது என் எண்ணம். உதை வாங்கும் பயமில்லாமல் நாலு பேர் கூடிப் பேச ஓர் இடம் கிடைத்தால்தான் கட்சி பிறக்கும். அந்த இடம் ஆஸ்டோரியாவில் கிடைத்தது.

1913-இல் ஃபின்லாந்து சோஷலிஸ்டுகளின் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து புரட்சிச் சிந்தனையாளர் லாலா ஹர் தயாள் வந்தார். ஓரிகன் ஆலைகளிலிருந்து தொழிலாளிகள் வந்தார்கள். பக்னா தலைவர், ஹர் தயாள் பொதுச்செயலாளர், கான்ஷி ராம் பொருளாளர். நாள் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. ஏப்ரல் என்பாரும் உண்டு, மே இறுதி, ஜூன் தொடக்கம் என்பாரும் உண்டு. ஊரைப் பற்றிய சந்தேகம் எனக்குத் தீர்ந்துவிட்டது. சான்பிரான்சிஸ்கோ அச்சகம் இருந்த இடம். கட்சி பிறந்தது இங்கே.

ஊரே ஏன் இதை மறந்தது? மர வீடுகள், கட்டைக்கால்கள் மேல் ஆற்றோரம் நின்ற தெருக்கள். அன்றைய தீக்காப்பீட்டு வரைபடங்களில் செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரத்துக்கு மஞ்சள். ஆஸ்டோரியாவின் தாள்களில் எங்கு பார்த்தாலும் மஞ்சள். 1922-இல் ஹேமண்ட் ஆலை எரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தெருக்களுக்கு அடியிலேயே தீ ஓடி ஊரின் நடுப்பகுதியைச் சாம்பலாக்கியது. அடுத்த ஆண்டு, ஆஸ்டோரியாவில் ஆலை வேலை பார்த்தவரும் அமெரிக்கப் படையில் பணியாற்றியவருமான பகத் சிங் திண்டின் வழக்கில், இந்தியர்களுக்குக் குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையும் போய், உரிமையும் போன பிறகு யார் தங்குவார்கள்? அந்தச் சந்து காலியானது. ஃபின்லாந்துக்காரர்களின் பேரப்பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள். அவர்கள் கதை ஊரின் கதையானது. இந்தியர்களின் கதையைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

ஆனால் தாள்கள் இருந்தன. கணக்கெடுப்பு, நாளேடு, வரைபடம், புகைப்படம் எல்லாம் காத்திருந்தன. வரலாற்றாய்வாளர் ஜொஹானா ஆக்டன் அவற்றைத் தேடி எடுத்து, 2012-இல் ஓரிகன் வரலாற்றுக் காலாண்டிதழில் விரிவாக எழுதினார். மறு ஆண்டு, கட்சியின் நூற்றாண்டை ஆஸ்டோரியா நகரமே கொண்டாடியது. ஆற்றோரப் பூங்காவில் நினைவுப்பலகை வைத்தார்கள். காத்து வைப்பது ஒரு வேலை, எடுத்துச் சொல்வது இன்னொரு வேலை. இரண்டுக்கும் நடுவில் இங்கே நூறு ஆண்டு ஓடிவிட்டது.

அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேல் கவுன்டிகள். பெரும்பாலானவற்றில் இப்படி ஒரு கழகம் இருக்கிறது. 1965 குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு இங்கே வந்த முதல் தலைமுறைத் தமிழர்களின் வீடுகளில் சங்கக் கூட்டத்தின் முதல் துண்டறிக்கையும், பொங்கல் விழாப் படங்களும், கோயில் கட்டக் கூடியவர்களின் கையெழுத்துப் பட்டியலும் பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றைத் தூக்கிப்போடாதீர்கள். படத்தின் பின்னால் பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுதி, உங்கள் கவுன்டிக் கழகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தப் படங்களில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.