தனியே அழைத்துச் சென்று

சட்டைக்குப் பொத்தான் மாட்டுவதை நாம் ஒரே செயலாக எண்ணுகிறோம். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் எங்களுக்கோ அது ஏழெட்டுச் செயல்கள். பொத்தானைப் பிடித்தல், துளையைக் கண்டறிதல், விளிம்பை நுழைத்தல் என ஒவ்வொன்றும் தனிப் பாடம். கடைசியிலிருந்து தொடங்கும் முறையும் உண்டு. மற்றனைத்தையும் ஆசிரியரே செய்துவிட்டு, இறுதி இழுப்பை மட்டும் பிள்ளையிடம் விடுவார். செய்து முடித்த மகிழ்ச்சி அப்பிள்ளைக்கு முதல் நாளே கிடைத்துவிடும். இறையருளும் நம்மிடம் ஏறக்குறைய இவ்வாறே நடந்துகொள்கிறது எனத் தோன்றுவதுண்டு. இறையியலார் பொறுத்தருள்வாராக!

இப்பணியைத் தியாகம் எனப் புகழ்வோர் பலர். அப்புகழ்ச்சி எனக்கு உவப்பானதன்று. அது ஆசிரியரைப் புனிதராக்கும்போதே பிள்ளையைச் சுமையாக்கிவிடுகிறது.

மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில், காதுகேளாத ஒருவரை இயேசு கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். அவருக்குச் சொற்கள் எட்டா. ஆகவே காதுகளில் விரலை இட்டு, நாவைத் தொட்டு, அவருக்குப் புரியும் மொழியிலேயே பேசுகிறார். பின்பு வானத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். 'எப்பத்தா' என்னும் சொல்லைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். அப்பெருமூச்சைப் பற்றிக் கேட்டது குறைவு. ஆறு மாத உழைப்பை ஒரு வாரக் காய்ச்சலில் பிள்ளை மறந்து வரும்போது எங்களிடமிருந்து எழுவதும் அதுதான். அதையும் செபம் என்று கொள்ளும் துணிவை இப்பகுதிதான் எனக்குத் தந்தது.

பேச்சு வராத எங்கள் மாணவன் ஒருவனுக்குப் புதுநன்மை கொடுக்கலாமா என்ற கேள்வி ஒருமுறை எழுந்தது. செபங்களை ஒப்பிக்க இயலாதவனுக்கு எவ்வாறு என்று தயங்கினர். அவனுடைய தம்பிக்கு அவ்வாண்டே புதுநன்மை. தாயின் வேதனையைச் சொல்லவேண்டியதில்லை. திருத்தந்தை பத்தாம் பயஸ் காலத்தில் 1910இல் வெளியான 'குவாம் சிங்குலாரி' ஆணை, சிறுவரிடம் முழுமையான அறிவைக் கேட்கவில்லை. நற்கருணையைச் சாதாரண அப்பத்தினின்று வேறுபடுத்தி அறிந்தால் போதும் என்றது.

இவன் உணவைக் கண்டால் பாய்ந்து எடுப்பவன். ஆனால் தாயோடு நற்கருணை வரிசையில் செல்லும்போது மட்டும் கைகளைக் குவித்து அசையாமல் நிற்பான். எங்கள் பாடத்திட்டத்தில் அது இல்லை. பங்குத்தந்தையிடம் சென்று, அவனைச் சற்றுக் கவனித்துப் பார்க்க வேண்டினேன். இரண்டு ஞாயிறுகள் பார்த்தார். மூன்றாம் ஞாயிறன்று தாயை அழைத்து, மகனுடைய திருமுழுக்குச் சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னார்.