தெரு இல்லாத கடை

(ஜவுளித் தொழில்நுட்பம், மூன்றாம் ஆண்டு மாணவி)

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர் மன்றத்திலிருந்து வகுப்பு வகுப்பாக வந்து கேட்டார்கள். "நீதான் இன்ஸ்டாகிராம்ல பழைய சேலைக் கடை நடத்துறியே, அதை எழுதேன்" என்று என் பக்கத்து சீட் தோழி மாட்டிவிட்டாள். சரி என்று உட்கார்ந்தால், கடையைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் ஒரு கூடையைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. மூன்று வருஷமாக இந்தக் கல்லூரியில் யாரிடமும் நான் சொல்லாத விஷயம் அது.

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் குடியிருக்கும் நண்பர்களே! "பழைய துணிக்குப் பாத்திரம்..." என்று ஒரு குரல் காலையில் உங்கள் தெருவில் கேட்டிருக்கும். அது என் அம்மாவாக இருக்கலாம். தலையில் எவர்சில்வர் பாத்திரக் கூடை, தோளில் துணி மூட்டை. அப்பா செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்கியவர், இப்போது முதுகு முடியாமல் வீட்டில் இருக்கிறார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அட்மிஷன் படிவத்தில் 'தாயார் தொழில்' என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதிவிட்டு, யாரும் என்ன வியாபாரம் என்று கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டவள் நான்.

சாயங்காலம் மூட்டையைப் பிரித்து ரகம் பிரிப்பது என் வேலை. நல்ல துணி சந்தைக் கடைக்கு. கிழிந்த காட்டன், ஒர்க்‌ஷாப்களில் எண்ணெய் துடைக்கிற வேஸ்ட் துணிக்கு. எப்போதாவது வரும் பட்டுச் சேலை, பழைய பட்டு வாங்குபவருக்கு. அவர் சேலையைப் பார்க்க மாட்டார், ஜரிகையைத்தான் பார்ப்பார். எரித்து வெள்ளியை எடுப்பதற்காக!

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அம்மாவுக்கு ஒரு அரக்கு நிறச் சேலை வந்தது. 1988-ல் மாமியார் கல்யாணத்துக்கு எடுத்தது என்று அந்த வீட்டு மருமகள் சொல்லிக் கொடுத்தாராம். அதற்கு அம்மா கொடுத்தது மூடி போட்ட ஒரு தூக்கு. பட்டு வாங்குபவர் ஜரிகையைச் சுரண்டிப் பார்த்து, "வெள்ளி கம்மி, வேண்டாம்" என்று தூக்கிப் போட்டுவிட்டார்.

அப்போதுதான் எங்களுக்கு லேபில் துணி ஆய்வு ஆரம்பித்திருந்தது. ஒரு அங்குலத்தில் எத்தனை பாவு நூல், எத்தனை ஊடை நூல் என்று கண்ணாடி வைத்து எண்ணுவோமே, அது. சேலையைப் புரட்டிப் பார்த்தேன். உடல் அரக்கு, கரை பச்சை. இரண்டும் சேரும் இடத்தில் பல்லோடு பல் சேர்ந்த மாதிரி ஊடை நூல் கோர்த்திருந்தது. கோர்வை! காஞ்சிபுரம் பாணியில் மூன்று நாடா ஓட்டி, கூட ஒரு ஆள் உட்கார்ந்து உதவி செய்து நெய்கிற வேலை. ஓரத்தில் பிரிந்திருந்த ஒரு இழையை எடுத்துக் கொளுத்தினேன். முடி கருகிய வாசனை வந்தது, சாம்பலை விரலால் நசுக்கினால் தூளானது. பாலியஸ்டராக இருந்தால் உருகி மணி மாதிரி கெட்டியாகியிருக்கும். ஆக, அசல் பட்டு. ஜரிகைதான் மட்டம், நெசவு மட்டமில்லை.

போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். 'விண்டேஜ் சேலை' என்று பெயர். திராட்சை அறுவடை செய்த வருஷத்தைக் குறிக்க ஒயின்காரர்கள் சொல்லும் சொல் அது. துணியில் சுமார் இருபது வருஷம் தாண்டியதை அப்படிச் சொல்வது வழக்கம். அம்மாவுக்கு விளக்கினேன். "அப்ப நானும் விண்டேஜுதாங்கண்ணு" என்று சிரித்தார்கள்.

இரண்டே நாளில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அக்கா 4,200 ரூபாய்க்குக் கேட்டார். எங்கள் வீட்டில் ஒரே நாளில் அவ்வளவு பணத்தை நாங்கள் பார்த்ததில்லை. அதை அப்படியே செமஸ்டர் ஃபீஸுக்குக் கட்டினேன்.

இனி சொல்லப்போவதை எழுதத்தான் கை கூசுகிறது.

அந்தச் சேலையில் ஒரு பழுது இருந்தது. வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் பெட்டியில் கிடந்ததால், மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டு அங்குலம் விட்டிருந்தது. பட்டு புரத இழை. வெயிலும் வியர்வையும் அதற்கு ஆகாது. மடிப்பை மாற்றாமலே வைத்திருந்தால் அந்தக் கோட்டிலேயே நலிந்து போகும். எனக்கு அது தெரியும். கொசுவத்துக்குள் மறைந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அந்த இடம் தெரியாத மாதிரி மடித்துப் படம் எடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து மெசேஜ் வந்தது. தங்கை நிச்சயதார்த்தத்துக்குக் கட்டியிருக்கிறார். உட்கார்ந்து எழுந்ததும் அந்த விரிசல் ஒரு முழத்துக்குப் போய்விட்டது. திட்டவில்லை. "சொல்லியிருந்தா பின்னாடி துணி வச்சுத் தைச்சுக் கட்டியிருப்பேனே, ஏம்மா சொல்லல?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

பணம் கையில் இல்லை. "பிளாக் பண்ணிட்டு வேற பேர்ல கடை திற, யாருக்குத் தெரியும்?" என்றாள் ஒரு தோழி. உண்மையைச் சொல்கிறேன், பிளாக் பொத்தான் வரைக்கும் விரல் போய்விட்டது.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டார்கள். "ஏங்கண்ணு, நான் ஒரு வீட்டுல ஓட்டைக் குண்டானக் குடுத்துட்டு வந்துட்டா, அடுத்த வாரம் அந்தத் தெருவுல கூவிக்கிட்டுப் போக முடியுமா?"

"இதுல தெருவே இல்லம்மா. அவங்க எங்கயோ, நான் எங்கயோ" என்றேன்.

"தெரு இல்லீன்னா ஓட்டைக் குண்டான் நல்ல குண்டானாயிருமா?"

எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் அம்மா பாத்திரம் வாங்க வைத்திருந்த முதலிலிருந்து 4,200 ரூபாயையும் எடுத்துக் கொடுத்தார்கள். மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம் மூன்று வாரம் அம்மா பாதிக் கூடையோடுதான் தெருவுக்குப் போனார்கள். பாரம் குறைவுதான் என்றாலும், அந்த மூன்று வாரமும் அந்தக் கூடையை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அம்மா நல்லவர், மகள் திருந்தினாள் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் எனக்கு இன்னொரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அம்மா, 4,200-க்குப் போற சேலைய நாம ஒரு தூக்கக் குடுத்து வாங்கியிருக்கோம். அந்த வீட்டுக்காரங்களுக்கு அது தெரியாதில்ல?"

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. "எனக்கே தெரியாதேடி" என்றார்கள் கடைசியில். அதுவும் நிஜம்தான். அம்மாவுக்குத் தெரியாதபோது அது வியாபாரம். எனக்குத் தெரிந்த பிறகும் அப்படியே வாங்கினால் அதற்குப் பெயர் வேறு.

அந்த அரக்குச் சேலை திரும்பி வந்தது. நல்ல பாகத்தை வெட்டி இரண்டு குழந்தைப் பாவாடை தைத்து, 'பழைய சேலையில் வெட்டித் தைத்தது' என்று எழுதியே விற்றேன். வந்ததில் பாதியை அம்மா அந்த மருமகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர் நம்பவே இல்லையாம்! உள்ளே போய் மாமியாரையே கூட்டி வந்து காட்டினாராம்.

இப்போது எங்கள் கடைக்கு மூன்று சட்டம். ஒன்று, பழுதைத்தான் முதல் படமாகப் போட வேண்டும். கறை, விரிசல், ஜரிகை கறுத்த இடம் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து. இரண்டு, கட்டித் தாங்குமா, பெட்டியில் வைக்கத்தான் ஆகுமா என்று எழுத வேண்டும். மூன்று, பட்டு வந்தால் கொடுத்தவரிடம் இது பட்டு என்று சொல்லிவிட்டு, விற்ற பிறகு பாதி. இதனால் சேலை வாங்குவதும் குறைந்தது, விற்பதும் மெதுவானது. மாதம் நாலைந்துதான் போகிறது. ஆனால் வாங்கியவர்களே திரும்பக் கேட்கிறார்கள். அந்தக் கோயம்புத்தூர் அக்கா இதுவரை இரண்டு சேலை வாங்கியிருக்கிறார்!

உங்கள் வீட்டிலும் பாட்டி சேலை இருக்கும். அதை நாலைந்து மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படவே கூடாது. பிளீச் பக்கமே போகாதீர்கள், பட்டு கரைந்தே போய்விடும்.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் பலர் மில்லிலும் ஃபேக்டரியிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போடப் போகிறோம். அந்தப் பொருளை வாங்குகிறவர் எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறார் என்று நமக்குத் தெரியப்போவதில்லை. தெரிந்த தெரு என்று நினைத்தே கையெழுத்துப் போடுவோம். அடுத்த வாரமும் அந்தத் தெருவில் கூவிக்கொண்டு போக வேண்டியவர்கள் நாம்.

கடைசியாக ஒன்று. காலையில் அந்தக் குரல் கேட்டால் வெளியே வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி மூட்டை என் தோளில் இருக்கும்.